ஒரே பெயரில் இரண்டு கார்ட்

கணினிப் பெட்டி மறுபடியும் நின்றது.

மத்தியான லுஹருக்குப் பாங்கு சொல்லி முடிந்த கையோடு விசிறிகளின் இரைச்சல் உச்சத்துக்குப் போயிற்று. திரை கறுத்தது. அறை ஊமையானது. நிஸ்மியா வெள்ளைப் பிடவையின் முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். வெளியே கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்தது. ஏறாவூரின் ஆற்றோரத் தெருக்களில் மணலைக் கிளப்பி, எல்லா வீடுகளுக்குள்ளும் நுழைந்து வெளியேறிக்கொண்டிருந்தது. இந்த அறைக்குள் மட்டும் வரவில்லை. இருந்தது ஒரே ஜன்னல். அது ஒழுங்கையை, பக்கத்துச் சிறு தெருவைப் பார்த்தது. ஒழுங்கையில் ஆண்கள் போய்வருவார்கள் என்று அவளுடைய காக்கா, கூடப்பிறந்த மூத்தவன் நிஸ்தார், றிஸான் மௌத்தான மறுநாளே அதற்குப் பலகை அடித்துவிட்டான்.

றிஸான் அவள் புருசன், கணினிச் சாமான் கடை வைத்திருந்தவன். செங்கலடிச் சந்திக்கு இந்தப் பக்கம் மோட்டார் சைக்கிளில் வந்தவன் லொறியில் அடிபட்டுப் போனான். அன்றிலிருந்து அவள் இத்தாவில் இருக்கிறாள். நான்கு மாதமும் பத்து நாளும் வெளியே இறங்கக் கூடாது. அந்நிய ஆண் கண்ணில் படக் கூடாது. ஊரில் சில வீடுகளில் இது தளர்ந்துவிட்டது. அவளுடைய உம்மா றஸீனா தளர்த்தவில்லை.

வீடு நிஸ்மியாவுடையது. கலியாணத்துக்கு வாப்பா கட்டி, அவள் பெயரில் எழுதிக் கொடுத்தது. ஓட்டமாவடியிலிருந்து வந்து இங்கே குடியிருந்தவன்தான் றிஸான். அவன் போனபிறகு அந்த வீட்டில் அவளுக்கு எஞ்சியது ஒரு அறை.

"நிண்டுட்டா?" திரைச்சீலைக்கு அப்பால் நின்று றஸீனா கேட்டாள்.

"ஓம்மா. சூட்டுக்குத் தானா நிக்கிது."

"நிக்கட்டும். அதுக்கும் ஒரு ஓய்வு வேணும்தானே. அதுர இரைச்சல்ல என்ட தலை கறங்கிப் போச்சு. கூனிச் சுண்டல் வெச்சிரிக்கன். தின்னுட்டுக் கிட."

"படம் பாதியில நிக்கிதும்மா."

"கட்டாத ஊட்டுக்குப் படம். கட்டின ஊடு முழுக்க ஓட்டை."

நிஸ்மியாவின் தொழில் அதுதான். வளைகுடாவில் வீடு கட்டுகிறவர்கள் வரைபடம் அனுப்புவார்கள். அவள் அந்த வீட்டைக் கணினிக்குள் கட்டுவாள். சுவருக்கு நிறம், தரைக்குக் கல், ஜன்னலுக்கு வெயில். பிறகு வாசலால் நுழைந்து அறை அறையாக நடந்து போகிற மாதிரி ஒரு படம் செய்து அனுப்புவாள். வேலை தருகிறவள் தோஹாவில் ஒரு வரைபட அலுவலகத்தில் இருக்கிற அகீலா, காத்தான்குடிக்காரி. காலையில் போனில் அவள் குரல் வந்திருந்தது.

"நிஸ்மியா, நீ இத்தாவில இரிக்காய் எண்டு சொல்லிச் சொல்லி இவனுகளுக்கு நான் களைச்சிட்டன். மாசக் கடைசிக்குள்ள படம் வரல்லெண்டா வேற ஆளுக்குக் குடுப்பானுகள். இது மட்டுமில்ல, வாற எல்லா வேலையும். அதுக்குப் பிறகு என்னாலயும் ஏலா."

அந்த வேலை போனால் நிஸ்தாரின் கையைப் பார்த்துத்தான் சாப்பிட வேண்டும். நிஸ்தார் கொடுப்பான். கொடுக்கிறவன் சொல்வதைக் கேட்க வேண்டியும் வரும்.

பெட்டியைக் கூடத்தில் வைக்கலாம் என்றால் அங்கே மௌத்தானவனுக்காகக் கத்தம் ஓத ஆட்கள் வருகிறார்கள். ஏசி பூட்டுவோமா என்று நிஸ்தார் ஒருநாள் கேட்டான். "இத்தா ஊட்ட ஏசி பூட்டினா ஊர் என்ன கதைக்கும்? மாப்பிள்ள மௌத்தானதுக்குப் பரிசு எண்டு கதைக்கும்" என்றாள் றஸீனா. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

மிச்சமிருந்தது றிஸான் கடைசியாகச் சீனாவிலிருந்து வரவழைத்த பொருள். அவன் மௌத்தாகிச் சில கிழமைக்குப் பிறகு தபாலில் வந்து சேர்ந்தது. உள்ளங்கையிலும் பெரிய ஒரு செப்புக்கட்டி. வாட்டர் பிளாக். கூடவே பம்பும் குழாயும் றேடியேட்டரும். பெட்டிக்குள் படம் செய்கிற கிராபிக்ஸ் கார்டின் விசிறிகளைக் கழற்றிவிட்டு இதைப் பூட்டினால், கட்டிக்குள் தண்ணீர் ஓடி, கார்டின் சூட்டைக் குழாய் வழியே தூரத்திலுள்ள றேடியேட்டருக்குக் கொண்டுபோகும். றேடியேட்டரைச் சுவருக்கு வெளியே மாட்டினால் சூடு ஒழுங்கைக்குப் போய்விடும். இரைச்சலும் இராது. அறையில் ஒரு பெண் இருக்கலாம்.

* * *

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு டிலக்சன் வந்தான். செங்கலடியில் கணினி திருத்தும் கடை வைத்திருப்பவன். றிஸானின் கூட்டாளி. ஒழுங்கையில், பலகை அடித்த ஜன்னலுக்கு வெளியே நின்றான். றஸீனா ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு அவனுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் உட்கார்ந்து ஆற்று இறால் உரித்தாள்.

"தேவையான கதைய மட்டும் கதைங்க" என்றாள்.

"நான் வேற என்னத்த உம்மா கதைக்க? ஆணியப் பத்தித்தான் கதைக்கப் போறன்."

"அதத்தான் சென்னன்."

உள்ளே நிஸ்மியா தரையில் பாயை விரித்து, கார்டை அதன்மேல் கவிழ்த்து வைத்திருந்தாள். டிலக்சன் சொல்லச் சொல்லக் கழற்றினாள். விசிறிக் கூடு கையோடு வந்தது. உள்ளே சாம்பல் நிறப் பசை காய்ந்து கிடந்தது.

"துடைச்சிட்டீங்களா அக்கா? இப்ப கார்டுர ஓரத்தப் பாருங்க. சொருகிற தங்கப் பல்லுக்குக் கிட்ட வெள்ளையில பொடி எழுத்து இரிக்கும்."

"றெவ். ரெண்டு புள்ளி பூச்சியம்."

ஒழுங்கையில் பேச்சு நின்றது.

"தம்பி?"

"மற்றொருக்காப் பாருங்க. ஒண்டு புள்ளி பூச்சியமாத்தான் இரிக்க வேணும்."

"எனக்கு ஒண்டும் ரெண்டும் தெரியாதா?"

"அவள் சின்னவயசில இருந்தே கணக்குல கெட்டிக்காரி மனே" என்றாள் றஸீனா, இறாலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பிளாக்க மேல வெச்சுப் பாருங்க அக்கா. அமத்தாதீங்க, சும்மா வைங்க."

வைத்தாள். கல்லின்மேல் வைத்த சட்டிபோல ஆடியது. ஒரு பக்கம் தூக்கி நின்றது. ஆணி போகும் துளைகளெல்லாம் நேராக இருந்தன. நடுச் சிப்பில் மட்டும் செம்பு படவில்லை. குனிந்து பார்த்தாள். இடைவெளியால் பாயின் நிறம் தெரிந்தது.

"படல்ல. இடது பக்கம் உருளை உருளையா என்னமோ நிண்டு முட்டுது."

டிலக்சன் பெருமூச்சு விட்டது பலகைக்கு இந்தப் பக்கம் கேட்டது.

"அது கெப்பாசிட்டர். அக்கா, கொம்பனிக்காரன் கார்டுக்கு ஒரே பெயரத்தான் வெப்பான். பெட்டியும் ஒண்டுதான், படமும் ஒண்டுதான். ஆனா இடையில போர்ட மாத்திருவான், பெட்டியில சொல்ல மாட்டான். முதல் றிவிசன்ல அந்த இடத்தில கரண்ட் சிப்புகள் தட்டையா இரிக்கும். ரெண்டாவதில அதுகள ஓரத்துக்குத் தள்ளிட்டு உயரமான சாமான நிப்பாட்டி வெச்சிரிக்கான். றிஸான் நானா முதலாவதத்தான் கழட்டிப் பாத்து, அதுக்கு அளவா இதக் கேட்டு எடுத்தவர். நான் பக்கத்தில நிண்டன்."

"அப்ப அது எங்க?"

கேட்டபிறகு அவளுக்கே விளங்கிவிட்டது.

றிஸானின் கடையில் அந்தக் கார்ட் இரண்டு இருந்தன. ஒன்று முதலில் எடுத்தது, மற்றது பிறகு எடுத்தது. அவளுக்கு ஒன்று, விற்க ஒன்று. பூட்டுவதற்கு முன் அவன் போய்விட்டான். நாற்பதாம் நாள் கழிந்து பள்ளிவாசல் ஹஸரத் வந்து கூடத்தில் உட்கார்ந்து சொத்தைப் பங்கு பிரித்தார். பெண்சாதிக்கு இவ்வளவு, தாய்க்கு இவ்வளவு, மிச்சம் றிஸானின் தம்பி மஜீதுக்கு. இரண்டு கார்டும் ஒரே பெட்டியில், ஒரே படத்தோடு இருந்தன. "ரெண்டும் ஒரே சாமானா?" என்று ஹஸரத் கேட்டார். "ஒரே சாமான்தான் ஹஸரத்" என்றான் நிஸ்தார். ஒன்று இங்கே, ஒன்று ஓட்டமாவடிக்கு. அவள் திரைச்சீலைக்கு உள்ளே இருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் ஒன்றுபோலத்தான் பட்டது.

"மாத்திக் கேட்டா என்ன?" என்றான் டிலக்சன். "ரெண்டும் ஒரே விலைதானே. சொல்லப்போனா உங்கடதுதான் புதுசு. அவங்களுக்கு நட்டமில்ல."

"மாத்திக் கேக்கிறதெண்டா லேசு எண்டா நினைக்காய்?" றஸீனா இறால் ஓட்டைக் கோழிக்கு எறிந்தாள். "பங்கு பிரிச்சது மனே. கடைச் சாமானில்ல."

* * *

இரவுச் சாப்பாட்டுக்கு நிஸ்தார் வந்தான். சாரத்தை மடித்துக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டான்.

"ஏலா" என்றான்.

"ஏன் காக்கா?"

"ஹஸரத் முன்னுக்கு ஒண்டு எண்டு சென்ன நான். இப்ப போய் ஒண்டில்ல எண்டு செல்லவா?"

"தெரியாமத்தானே சென்னீங்க."

நிஸ்தார் பிட்டைப் பிசைந்துகொண்டிருந்தான். வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"நான் பாத்துத்தான் எடுத்தன் புள்ள."

"என்னத்த?"

"ரெண்டு பெட்டியில ஒண்டு ஒட்டுப் பிரிச்சது, ஒண்டு பிரிக்காதது. ஒனக்குப் பிரிக்காததா இருக்கட்டும் எண்டு எடுத்தன். மஜீத் கவனிக்கல்ல. ஒனக்கு நல்லதத்தான் எடுத்தன்."

பிரித்தது றிஸான் கழற்றிப் பார்த்த பெட்டி. அவளுக்கென்று அளந்த கார்ட். அது இப்போது அவனுக்கும் விளங்கிவிட்டது.

"அறை என்னா சூடு" என்று எழுந்தான். "எப்படிக் கா இதுக்குள்ள கிடக்காய்?"

* * *

மாமியார், றிஸானின் உம்மா, வெள்ளிக்கிழமை ஒரு தயிர்ச் சட்டியோடு வந்தார். பெயர் சித்தி நபீஸா. பெண்கள் வரலாம். கட்டிலில் உட்கார்ந்து மருமகளின் கையைப் பிடித்துக் கொஞ்சம் அழுதார். பிறகு முந்தானையால் விசிறத் தொடங்கினார். பெட்டி ஓடிக்கொண்டிருந்தது.

"இத நிப்பாட்டேலாதா மகள்?"

"நிப்பாட்டினா வேலை போயிடும் மாமி. இதுக்குத்தான் உங்களுட்ட ஒண்டு கேக்கணும்."

கேட்டாள். நிதானமாக, ஒழுங்காக, இரண்டும் எப்படி வேறு என்று கையால் காட்டிச் சொன்னாள். சித்தி நபீஸா விசிறுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"ஒன்டது புதுசு எண்டு சொல்லுறாய்."

"ஓம் மாமி."

"புதுசக் குடுத்துட்டுப் பழசக் கேக்கிறாய்."

"எனக்குப் பழசுதான் அளவு."

"மகள், எனக்கு இதொண்டும் விளங்காது. ஆனா மஜீதுக்கிட்டச் சென்னா அவன் என்ன கேப்பான் தெரியுமா? புதுச விட்டுப்போட்டுப் பழசக் கேக்காங்களெண்டா நம்மட பழசில என்னமோ இரிக்கு எண்டு கேப்பான். பிறகு அவன் அத வெளியில எடுக்கவும் மாட்டான். தெரிஞ்ச ஆக்களுட்டயெல்லாம் காட்டி விலை கேப்பான்." அவர் அவளுடைய தாடையைத் தொட்டார். "நீ கேக்காம இருந்திருந்தா நான் ஒரு நாளைக்குச் சும்மா தூக்கிட்டு வந்திருப்பன்."

"கேக்காம உங்களுக்கு எப்படித் தெரியும் மாமி?"

"அதுவும் சரிதான்" என்றார் சித்தி நபீஸா. "தயிர மூடி வை. கச்சானுக்குப் புளிச்சிரும்."

* * *

டிலக்சன் அரத்தைப் பலகையின் கீழிடுக்கால் உள்ளே தள்ளினான்.

"வேற வழி இல்லாததால சொல்லுறன் அக்கா. முட்டுற இடத்தில செம்ப அராவி எடுத்தா பிளாக் இருந்திரும். ஓரத்துக்குப் போன சிப்புகளுக்கு நான் சின்ன அலுமினியத் துண்டு ஒட்டித் தாறன். ஆனா ரெண்டு விசயம். ஒண்டு, அந்தச் செம்புக்கு உள்ள தண்ணி ஓடுற வாய்க்கால் இரிக்கு. எவ்வளவு ஆழத்தில எண்டு எனக்குத் தெரியாது. கூட அராவினா ஓட்டை விழும். கார்டும் போயிடும், எல்லாம் போயிடும்."

"மற்றது?"

"அராவினா இது உங்கட கார்டுக்கு மட்டும்தான். பிறகு நானாட கார்ட் வந்தாலும் இதப் பூட்டேலா. அங்க தட்டையா இரிக்கிற சிப்புல செம்பு தொடாது. ஒரு மணித்தியாலத்தில எரிஞ்சிரும். யோசிச்சுச் செய்ங்க."

"மாமி தர மாட்டா தம்பி."

"நான் கொண்டுபோய்க் கடையில அராவித் தரவா?"

"வெச்சு வெச்சுப் பாத்துத்தானே அராவணும். கார்டும் உங்களோட வந்தா என்னால படம் செய்யேலா." அவளுக்குச் சிரிப்பு வந்தது. "எனக்கு வேற என்ன வேலை? இஞ்சதானே இரிக்கன்."

பாயில் உட்கார்ந்து, செப்புக்கட்டியைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கி அராவினாள். முதல் நாள் விரல் நுனி கன்றியது. இரண்டாம் நாள் கொப்புளமாயிற்று. செம்புத்தூள் வெள்ளைப் பிடவையில் விழுந்து மினுங்கியது. தட்டினால் இன்னும் ஆழமாக இழைக்குள் இறங்கியது. அராவுவாள், துடைப்பாள், கார்டின்மேல் வைப்பாள், கண்ணைப் பாயோடு வைத்து இடைவெளியைப் பார்ப்பாள். மறுபடி அராவுவாள். றஸீனா அடிக்கடி திரைச்சீலையை விலக்கிப் பார்த்தாள்.

"புருசன நினைச்சு ஓதுற நேரத்தில செம்பு அராவுறாளே எண்டு நான் ஆருக்கிட்டச் சொல்ல?"

"ஓதிக்கிட்டுத்தானும்மா அராவுறன்."

அது பொய்யில்லை. அரம் போகும் ஒவ்வொரு தடவையும் உதடு அசைந்தது. செம்பு மெலிந்துகொண்டு வந்தது. எங்கே நிறுத்துவது என்று செம்பு சொல்லவில்லை. விரலால் தட்டினால் ஒலி மாறியிருப்பதாகத் தோன்றியது. மறுபடி தட்டினால் மாறாததுபோல இருந்தது. கடைசியில் ஒரு தடவை வைத்தபோது ஆடவில்லை. நடுச் சிப்பின்மேல் செம்பு அப்படியே படிந்தது. பாயின் நிறம் தெரியவில்லை.

கார்டில் பூட்டாமல், கட்டியை மட்டும் குழாயோடு இணைத்துத் தண்ணீர் ஓடவிட்டாள். கீழே றிஸானின் பழைய வெள்ளைத் தோள்சீலையை விரித்து வைத்தாள். விடியற்காலை சுபஹுத் தொழுகை வரை ஓடியது. சீலையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். காய்ந்திருந்தது.

கட்டியைக் கார்டில் பூட்டினாள். டிலக்சன் பலகையில் இரண்டு துளை போட்டான். குழாய்கள் வெளியே போயின. றேடியேட்டரை ஒழுங்கைப் பக்கம் தாழ்வாரத்துக்குக் கீழே மாட்டினான். அன்று பெட்டி ஓடிற்று. நிற்கவில்லை. லுஹர் கழிந்தது, நிற்கவில்லை. அறையில் கணினி மேசையின் மரம் முறுகும் சத்தம் கேட்டது. அப்படியொரு சத்தம் இருப்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

"நானா இருந்தா பால்சோறு கேட்டிருப்பார்" என்றான் டிலக்சன் வெளியிலிருந்து.

"தேத்தண்ணி தாறன், குடிச்சிட்டுப் போ மனே" என்றாள் றஸீனா.

* * *

மாசம் முடிய மூன்று நாள் இருக்கும்போது நிஸ்தார் பகலில் வந்தான். பகலில் அவன் வருவதில்லை. பிடவைக் கடையை யாரிடம் விட்டு வந்தான் என்று றஸீனா கேட்டாள். அவன் நேரே அறைக்குள் வந்து, ஒரு சீலைப்பையைக் கட்டிலில் வைத்தான்.

"எடுத்துட்டு வந்திட்டன்."

"என்னத்த காக்கா?"

"ஒன்ட கார்டத்தான். ஒண்டு புள்ளி பூச்சியம். எழுத்த நானே பாத்துத்தான் வாங்கின."

நிஸ்மியா பையைத் திறக்கவில்லை.

"எப்படித் தந்தாங்க?"

"உள்ளதச் சென்னன். புதுசப் பாத்து ஒனக்கெண்டு எடுத்தன், தெரிஞ்சுகொண்டே ஹஸரத்துக்கு மாத்திச் சென்னன் எண்டு. மஜீத் உள்ளுக்குப் போய் இத எடுத்துட்டு வந்தான். மாமிதான் கேட்டா, 'எங்கட புள்ளட மண் காயுறத்துக்குள்ள இப்பிடியா மனே' எண்டு. அவட அண்ணன் தம்பிமாரும் அங்க இருந்தாங்க." அவன் தரையைப் பார்த்தான். "ஓட்டமாவடியில எனக்குப் பத்துப் பதினஞ்சு கடைக்காரனத் தெரியும். நாளைக்கு எல்லாருக்கும் தெரிஞ்சிரும். பரவால்ல. நீ இதப் பூட்டு. ஒன்டதத் தா, நான் கொண்டுபோய்க் குடுக்கணும்."

"காக்கா, நான் செம்ப அராவிட்டன்."

அவனுக்கு விளங்கவில்லை. அவள் சொன்னாள். அராவின கட்டி இனி அவளுடைய கார்டுக்கு மட்டும்தான். கொண்டுவந்த கார்டில் பூட்டினால் எரியும். விசிறியோடு போட்டால் பழைய சூடு, பழைய இரைச்சல், மத்தியானம் நிற்கும். நிஸ்தார் அப்போதுதான் அறையைச் சுற்றிப் பார்த்தான். அமைதியைக் கவனித்தான்.

"ஆரு அராவின?"

"நான்தான்."

அவளுடைய விரல்களைப் பார்த்தான்.

"ஏன் கா எனக்கொரு சொல்லுச் சொல்லல்ல?"

"நீங்க ஏலா எண்டு சென்னீங்க."

"ஓம்" என்றான். "சென்னன்."

அவள் சீலைப்பையை அவன் பக்கம் தள்ளினாள்.

"அப்ப இது எனக்கு வேணாம் காக்கா. திருப்பிக் குடுங்க. பொருந்தல்ல எண்டு சொல்லுங்க."

"சொல்லேலா புள்ள." அவன் குரல் தாழ்ந்தது. "புதுசு அவங்கட எண்டு நானே வாயால சென்னனே. சென்னதுக்குப் பிறகு அது நம்மட ஊட்ட இருந்தா ஹறாம். இனி அது மஜீத்ர சாமான். இண்டைக்குப் பொழுது பட முந்தி, மஃரிபுக்கு முன்னுக்குக் கொண்டு வாறன் எண்டு மாமிட கையப் பிடிச்சுச் சென்னன். என்னக் கள்ளனெண்டு நினைச்ச மனிசி, அப்பதான் முகத்தப் பாத்தா."

நிஸ்மியா திரைப் பக்கம் திரும்பினாள். படத்தில் அவள் அந்த வீட்டின் கீழ்மாடியில் இருந்தாள். நீளமான கூடம், வெள்ளைப் படிக்கட்டு, கடலைப் பார்த்த கதவு திறந்திருந்தது. கீழே, படம் எவ்வளவு முடிந்தது என்று காட்டும் நீலக் கோடு ஓரத்தை நெருங்கிவிட்டது.

"படம் ஓடுது" என்றாள். "இடையில நிப்பாட்டினா முழுக்கப் போயிடும். இது முடியட்டும். முடிஞ்சொடன கழட்டித் தாறன்."

"முடியட்டும். அகீலாக்கு அனுப்பு. அதுக்குத்தானே இவ்வளவும்." அவன் எழுந்தான். "நான் வெளிய இருக்கன். இஞ்ச இருந்து பாக்க ஏலா."

ஒழுங்கையில் உம்மாவின் பிளாஸ்டிக் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது.

"என்னும்மா இது? கொதிக்கிது."

"அவள்ர அறைச் சூடு மனே. குழாயால வருது. விடியப்புறத்தில எனக்குக் கால் உளைவு. இதுக்குக் கிட்ட கால நீட்டிக்கிட்டு இருப்பன். நல்ல சுகம்."

நிஸ்தார் சிரித்தான். அவன் சிரித்தது அவளுக்குக் கேட்டது. பிறகு றஸீனா தேத்தண்ணி ஊற்றப் போனாள்.

கோடு ஓரத்தைத் தொட்டது. படம் முடிந்தது. நிஸ்மியா அதை அகீலாவுக்கு அனுப்பினாள். ஆணி கழற்றும் கருவி மேசையில், கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. குழாய்களில் தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கொப்புளம் உடைந்த விரலை ஒரு குழாயின்மேல் வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

"முடியுதா புள்ள?" பலகைக்கு அப்பால் நிஸ்தார் கேட்டான். அவசரமில்லாத குரல்.

அவள் அந்த வீட்டின் மற்றக் கோப்பைத் திறந்தாள். அகீலா மேல்மாடியை இன்னும் கேட்டிருக்கவில்லை.

"இல்ல காக்கா" என்றாள். "இன்னும் கிடக்கு."

மேல்மாடியைப் படம் ஓடும் வரிசையில் போட்டாள். பிறகு மொட்டைமாடியையும்.